மறைந்த உறுப்பினர்களை நினைவுகூர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ரயில் ஆர்வலர் சங்கத்தில், காலமான உறுப்பினர்களுக்கென ஒரு நினைவேடு உண்டு. அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், உறுப்பினர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவந்த விடைகளையும் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். வேறு சங்கங்களில் இதே பணியைச் செய்பவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

இரங்கல் கூட்டம் நடத்துகிறோமே, தனியாக ஒரு நினைவேடு எதற்கு?

கூட்டத்தில் பேசப்படுபவை மனத்துக்கு ஆறுதல் தருகின்றன. ஆனால் அவற்றை யாரும் எழுதிவைப்பதில்லை. ஒரு வண்டி எந்தத் தேதியில், எந்த நடைமேடைக்கு, எந்த எஞ்சினுடன் வந்தது என்பதை நாற்பது ஆண்டுகள் கழித்தும் தயங்காமல் சொல்லக்கூடிய நம்மிடம், அந்த வண்டியை நமக்கு முதன்முதலாகக் காட்டியவர் எந்த ஆண்டில் பிறந்தார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. எஞ்சின்களைப் பற்றிக் காட்டும் கவனத்தில் ஒரு பங்கையாவது மனிதர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏடு.

ரயில் ஆர்வலர் சங்கங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழமையானவை. லண்டனில் 'ரயில்வே கிளப்' 1899ல் தொடங்கப்பட்டது. ஸ்டீபன்சன் லோகோமோட்டிவ் சொசைட்டி 1909ல் உருவானது. 1882ல் கட்டப்பட்ட 'கிளாட்ஸ்டன்' என்ற நீராவி எஞ்சின் 1927ல் ஓய்வுபெற்றபோது, அது உடைக்கப்பட்டுவிடக் கூடாது என்று இந்த இரண்டாவது சங்கம் 140 பிரிட்டிஷ் பவுண்டுக்கு அதை விலைக்கு வாங்கியது. இன்று அந்த எஞ்சின் யார்க் நகரிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது. அதை வாங்கத் துணிந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அதன் சக்கரத்தின் விட்டத்தைத் தெரிந்துகொள்வது எளிது. அதைக் காப்பாற்றிய மனிதர்களைத் தெரிந்துகொள்ள, அவர்களுடைய தோழர்கள் அன்றைக்கு எழுதிவைத்திருந்தால்தான் உண்டு.

யாருடைய பெயர்கள் இதில் இடம்பெறும்?

எந்தக் காலத்திலாவது சங்கத்தில் உறுப்பினராக இருந்து மறைந்த எவருக்கும் இடம் உண்டு. சந்தா நிலுவையில் இருந்தது, கடைசிப் பத்தாண்டுகளில் கூட்டத்துக்கு வரவில்லை, இடையில் கோபித்துக்கொண்டு விலகிப்போனார் என்பவை பெயரை விடுவதற்குக் காரணங்கள் ஆகா. முதுமையும் நோயும் பலரை வீட்டோடு இருத்திவிடுகின்றன. வராமல் போனவரை மறந்துபோவது நம்முடைய குறையே.

உறுப்பினராகவே இல்லாமல் நமக்கு உதவிய எஞ்சின் ஓட்டுநர்கள், நிலைய அதிகாரிகள், பணிமனைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு ஏட்டின் பின்பகுதியில் தனிப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். நாம் வேலியோரம் நின்று பார்த்ததை அவர்கள் உள்ளே நின்று செய்தவர்கள் என்பதால், அந்தப் பக்கங்களை நான் கூடுதல் மரியாதையோடு எழுத முயல்கிறேன்.

ஒருவர் மறைந்த செய்தி கிடைத்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பகிராமல் காத்திருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரிடமிருந்தோ, நேரில் சென்று வந்தவரிடமிருந்தோ உறுதி கிடைக்கும்வரை யாருக்கும் சொல்ல வேண்டாம்; உறுதியான பிறகும், தூரத்துச் சொந்தங்களுக்குக் குடும்பத்தார் தெரிவித்து முடிக்கும்வரை சற்றுப் பொறுக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் ஒருமுறை, ஒரே பெயருள்ள இருவரில் ஒருவர் மறைந்தபோது, உயிரோடிருந்த மற்றவருக்கு இரங்கல் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டோம். அவருடைய மனைவி அதைப் படித்த கணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. அன்றிலிருந்து, முழுப் பெயர், வயது, ஊர் ஆகிய மூன்றும் ஒத்துப்போகாமல் நான் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

நினைவுக் குறிப்பில் என்னென்ன எழுத வேண்டும்?

பிறந்த ஆண்டு, மறைந்த நாள், தொழில், சங்கத்தில் சேர்ந்த ஆண்டு ஆகியவை அடிப்படை. இவற்றுக்குப் பிறகு வருவதுதான் குறிப்பின் உயிர். 'ரயில்கள்மீது தீராத காதல் கொண்டவர்', 'பழகுவதற்கு இனியவர்' என்ற வரிகள் நம் உறுப்பினர் அனைவருக்கும் பொருந்துகின்றன. அனைவருக்கும் பொருந்துகிற வரி ஒருவரைக்கூட நம் கண்முன் நிறுத்துவதில்லை. ஆகவே, எழுதுகிறவரிடம் நான் கேட்பவை வேறு. அவர் எந்த வழித்தடத்தை நேசித்தார்? குறிப்பாக எதைப் பதிவு செய்தார்: எஞ்சின் எண்களையா, கைகாட்டிகளையா, பயணச்சீட்டுகளையா, கால அட்டவணைகளையா? வண்டி தாமதமானால் என்ன செய்வார்? எந்த எஞ்சினின் ஊதலை ஒலியை மட்டும் கேட்டு அடையாளம் சொல்வார்? மழையில் கேமராவை எதால் மூடுவார்? இப்படிக் கேட்கத் தொடங்கினால், 'எனக்கு எழுத வராது' என்று சொல்லி வந்தவரே இரண்டு பக்கங்களை நிரப்பிவிட்டுத்தான் நிமிர்கிறார்.

ஒரே ஒரு காட்சியே ஒரு வாழ்க்கையை விளக்கிவிடுவதும் உண்டு. இங்கிலாந்தில் 'ரயில்வே பிஷப்' என்று அழைக்கப்பட்ட எரிக் ட்ரேசி, திருச்சபைப் பணிகளுக்கிடையே வாழ்நாள் முழுவதும் நீராவி எஞ்சின்களைப் படமெடுத்தவர். 1978 மே 13 அன்று ஆப்பிள்பி நிலையத்தில், வரவிருந்த ஒரு நீராவி வண்டியைப் படமெடுக்கக் காத்திருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அந்த நிலையத்தில் அவருக்கு நினைவுப் பலகை இருக்கிறது. எஞ்சின்களுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. சுமார் 12,000 படங்கள் கொண்ட அவருடைய தொகுப்பு தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. இவ்வளவும் இருந்தும், அவரைப் பற்றிப் பேசும் எவரும் அந்த நடைமேடையிலிருந்தே தொடங்குகிறார்கள். நம் உறுப்பினர்களில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு நடைமேடை இருக்கும். அதைக் கண்டுபிடித்து எழுதுவதே குறிப்பு எழுதுபவரின் வேலை.

நினைவிலிருந்து எழுதும்போது தேதிகள் புரண்டுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அவருடன் பயணம் செய்ததாக நினைவில் இருக்கும் வண்டி அந்த ஆண்டில் ஓடியதா என்று பழைய கால அட்டவணையைப் புரட்டிச் சரிபாருங்கள். மறைந்தவர் தன் குறிப்பேட்டில் பிழையைப் பொறுத்துக்கொள்ளாதவர் என்றால், அவரைப் பற்றிய குறிப்பில் பிழை இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மறைவுக்கான காரணத்தை எழுதலாமா?

குடும்பத்தார் விரும்பினால் மட்டும். அவர்களாகச் சொல்லாதவரை நாமாகக் கேட்பதும் கூடாது.

தண்டவாளத்தின் அருகே படமெடுக்கும்போது விபத்தில் இறந்தவரை எப்படி நினைவுகூர்வது?

எங்களுக்கு மிகக் கடினமான கேள்வி இது. 'தான் நேசித்த இடத்திலேயே உயிர்விட்டார்' என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முதுமையில் நிலையத்து நடைமேடையில் உயிர் பிரிவது வேறு, எதிர்த்தடத்தில் வந்த வண்டியைக் கவனிக்காமல் அடிபடுவது வேறு. இரண்டாவதை அழகுபடுத்தி எழுதினால், அதைப் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளை ஆபத்தை ஆர்வத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். அந்த எஞ்சின் ஓட்டுநரின் மனநிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கண்ணெதிரே ஆள் நிற்பதைப் பார்த்தும், முழு வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்தப் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தேவைப்படும் என்பதால், ஊதலை ஒலிப்பதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய இயலாது. ஆகவே, விபத்தை ஒரே வரியில், குற்றம் சாட்டாமலும் புகழாமலும் சொல்லிவிட்டு, மீதிப் பக்கம் முழுவதையும் அவர் வாழ்ந்த வாழ்க்கைக்குக் கொடுக்கிறோம்.

அவருடன் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. நான் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். எங்கள் ஏட்டில் உள்ள மிகச் சிறந்த குறிப்புகளில் ஒன்றை, ஓர் எஞ்சின் வகையின் பெயர்க்காரணம் குறித்து மறைந்தவரோடு பல ஆண்டுகள் வாதிட்டவர்தான் எழுதினார். எதிர்த்து வாதிட்டவருக்கு அவருடைய அறிவின் ஆழம் நண்பர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. பணம், பதவி, குடும்பம் தொடர்பான சச்சரவுகளுக்கு மட்டும் இங்கே இடமில்லை. பதில் சொல்ல அவர் இல்லை.

அவர் விட்டுச்சென்ற படங்களையும் குறிப்பேடுகளையும் என்ன செய்வது?

நினைவுகூர்தலில் மிகவும் அவசரமான பகுதி இதுதான். வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில், எண்கள் மட்டும் நிறைந்த நோட்டுப் புத்தகங்கள் குடும்பத்தாரின் கண்ணுக்குப் பழைய காகிதமாகத் தெரிவதில் வியப்பில்லை. துக்கம் விசாரிக்கச் செல்லும்போதே தொகுப்பைப் பற்றிக் கேட்பது நாகரிகமன்று. ஆனால், 'அவருடைய ரயில் தொடர்பான பொருள்கள் எதையும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போட்டுவிடாதீர்கள்' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டு வருவது அவசியம்.

பொருள்களைப் பார்க்கும் நாள் வந்ததும், எதையும் வகைபிரிக்க முற்படாமல், இருந்த வரிசையிலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். அவர் அடுக்கிவைத்த வரிசையே பல சமயங்களில் நமக்குக் கிடைக்கும் ஒரே தகவலாக இருக்கும். தேதியில்லாத ஒரு நெகட்டிவ் எந்த உறைக்குள், எந்த இரண்டு பயணங்களுக்கு நடுவில் இருந்தது என்பதைக் கொண்டு அதன் காலத்தைக் கணித்திருக்கிறோம். உறைகளின்மேல் உள்ள கையெழுத்தை எக்காரணம் கொண்டும் தூக்கி எறியாதீர்கள்.

1950களின் தொடக்கம் வரையிலான நெகட்டிவ்கள் நைட்ரேட் படச்சுருளாக இருக்க வாய்ப்புண்டு. அவை எளிதில் தீப்பற்றுபவை என்பதால் வெப்பத்திலிருந்து விலக்கி, தனியே வைத்து, விவரம் அறிந்தவர்களிடம் காட்ட வேண்டும். பின்னாளைய அசிட்டேட் படச்சுருளில் வினிகர் நெடி அடித்தால், அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அருகிலுள்ள நல்ல நெகட்டிவ்களையும் அந்த ஆவி கெடுக்கும் என்பதால் உடனே பிரித்துவைத்து, முதலில் அதையே ஸ்கேன் செய்யுங்கள். கழுவப்படாத கோடாக்ரோம் வண்ணப் படச்சுருள்கள் கிடைத்தால் மனம் வருந்தத்தான் வேண்டும்: அந்தச் சுருளின் உற்பத்தி 2009ல் நின்றது, அதை வண்ணத்தில் கழுவித்தந்த கடைசி ஆய்வகமும் 2010 டிசம்பர் இறுதியோடு சுருள்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. கறுப்பு வெள்ளையில் ஓரளவு மீட்கும் வழி மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

ஒலிநாடாக்களை மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் நிறுவனத்தின் கடைசி நீராவிக் காலத்தை 1955 முதல் இரவுப் படங்களாக எடுத்த ஓ. வின்ஸ்டன் லிங்க், அந்த எஞ்சின்களின் ஒலியையும் பதிவு செய்துவைத்தார். அவர் 2001ல் மறைந்தார். 2004ல் ரோனோக் நகரின் பழைய ரயில் நிலையக் கட்டடத்திலேயே அவருடைய படங்களுக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நம் உறுப்பினர்களின் நாடாக்களுக்கு அருங்காட்சியகம் வராமல் போகலாம். ஆனால், ஒரு மலையேற்றத்தில் எஞ்சின் மூச்சுவாங்கும் ஒலிக்கு நடுவே, 'இப்போது பார்' என்று மெல்லச் சொல்லும் அவருடைய குரல் பதிவாகியிருந்தால், அவர் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய செல்வம் இருக்க முடியாது.

படங்கள் எங்களிடம் வந்துவிட்டால், அவற்றைச் சங்கம் வெளியிடலாம் அல்லவா?

முடியாது. நெகட்டிவைக் கையில் வைத்திருப்பது ஒன்று, அதன் பதிப்புரிமையைப் பெற்றிருப்பது வேறொன்று. படமெடுத்தவர் மறைந்ததும் உரிமை வாரிசுகளுக்குச் செல்கிறது. அது நீடிக்கும் காலம் நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் பொதுவாக ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள், பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 70 ஆண்டுகள். ஆகவே, தொகுப்பைப் பெறும்போதே எதற்கெல்லாம் அனுமதி என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். மறைந்தவர் மற்றவர்களுடன் பரிமாறிக்கொண்ட படங்கள் அவர் பெட்டிக்குள் கலந்திருக்கும் என்பதால், எல்லாவற்றுக்கும் அவர் பெயரையே போட்டுவிடுவதும் தவறாக முடியும்.

எஞ்சினுக்கோ விருதுக்கோ அவர் பெயரைச் சூட்டலாமா?

சூட்டலாம்; அவர் செய்த வேலைக்கும் சூட்டப்படும் பொருளுக்கும் உறவு இருந்தால் அது நிலைக்கிறது. வேல்ஸில் உள்ள டாலிலின் ரயில்வே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உரிமையாளர் சர் ஹெய்டன் ஜோன்ஸ் 1950ல் மறைந்தபோது, எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் உள்ளிட்ட ஆர்வலர்கள் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்து, 1951 மே மாதத்திலிருந்து தன்னார்வலர்களைக் கொண்டே வண்டிகளை ஓட்டினார்கள். உலகிலேயே அப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் ரயில்பாதை அது. அங்கே ஓர் எஞ்சினுக்கு 'சர் ஹெய்டன்' என்று பெயர்; 1974ல் ரோல்ட் மறைந்த பிறகு, 1991ல் பணிக்கு வந்த மற்றோர் எஞ்சின் 'டாம் ரோல்ட்' என்று பெயர் பெற்றது. வண்டி புறப்படும் ஒவ்வொரு நாளும் அந்தப் பெயர்கள் உச்சரிக்கப்படுகின்றன.

எஞ்சின் இல்லாத நம்மைப் போன்ற சங்கங்களுக்கு விருதுதான் பொருத்தம். அமெரிக்காவில் 1997ல் ரயில் புகைப்படக் கலைக்கென ஒரு மையத்தை நிறுவிய ஜான் குரூபரின் பெயரில், அந்த மையமே புகைப்பட விருதுகளை வழங்குகிறது. விருது அறிவிப்பில் அவர் யார் என்று இரண்டு வரிகளாவது ஒவ்வோர் ஆண்டும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தாண்டுகளில் பெயர் வெறும் எழுத்துகளாகிவிடும்.

குடும்பத்தாரைக் கலக்காமல் நினைவுச்சின்னம் அமைப்பது வருத்தத்தில் முடியும். உலகின் மிக வேகமான நீராவி எஞ்சினான 'மல்லார்ட்'டை வடிவமைத்த சர் நைஜல் கிரெஸ்லிக்கு, லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில், அவர் மறைந்து 75 ஆண்டுகள் நிறைந்த 2016 ஏப்ரல் 5 அன்று சிலை திறக்கப்பட்டது. முதல் வடிவத்தில் அவர் காலடியில், எஞ்சினின் பெயரைக் குறிக்கும் ஒரு வாத்தும் இருந்தது. அது தங்கள் தாத்தாவின் கண்ணியத்துக்குப் பொருந்தாது என்று பேரன்கள் எதிர்த்ததால் வாத்து நீக்கப்பட்டது. வாத்து வேண்டும் என்று கேட்டவர்களும் அன்பினால்தான் கேட்டார்கள். ஆனாலும், இப்படிப்பட்ட முரண்பாட்டில் குடும்பத்தாரின் சொல்லுக்கே முதலிடம் தர வேண்டும் என்று கருதுகிறேன்.

அஸ்தியை நீராவி எஞ்சினின் நெருப்பறையில் இடுவதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான். பிரிட்டனில், பழைய வண்டிகளைப் பாதுகாத்து ஓட்டும் பாரம்பரிய ரயில்பாதைகள் சில, குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் இதை அனுமதிக்கின்றன. எஞ்சின் ஓடும்போது உண்டாகும் காற்றிழுப்பு, நுண்ணிய சாம்பலைக் கொதிகலன் குழாய்களின் வழியே இழுத்துச் சென்று, புகைப்போக்கி வழியாக மேலே வீசுகிறது. எரிந்த எலும்பின் பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட் என்பதால் மீண்டும் எரிவதில்லை. சற்றுப் பருமனான துகள்கள் கரித்தட்டிலேயே தங்கி, பிறகு கரிச்சாம்பலோடு வெளியேற்றப்படும். இதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே மென்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநர் குழுவின் மனப்பூர்வமான சம்மதமும் பாதையை நடத்துபவர்களின் அனுமதியும் இல்லாமல், ஒரு சிட்டிகையைக்கூட இரகசியமாகப் போடக் கூடாது.

ஊதல் ஒலித்து அஞ்சலி செலுத்துவது?

பாரம்பரிய ரயில்பாதைகளில், எஞ்சினின் முன்புறத்தில் மலர்வளையம் வைத்து நீண்ட ஊதல் ஒலிப்பதுண்டு. வழக்கமான பயணிகள் பாதையில் ஊதல் ஓர் எச்சரிக்கைச் சமிக்ஞை. அதை நமக்காக ஒலிக்கும்படி பணியில் இருக்கும் ஓட்டுநரை வற்புறுத்தக் கூடாது. கூட்டத்தில், அவர் நேசித்த எஞ்சினின் பதிவுசெய்த ஊதலை ஒலிக்கச் செய்துவிட்டு, பிறகு மௌனம் காப்பது எங்கள் வழக்கம். அந்த மௌனத்தை முதலில் கலைக்க எவருக்கும் மனம் வருவதில்லை.

குடும்பத்தார் எதுவுமே வேண்டாம் என்று சொன்னால்?

பெயரையும் உறுப்பினராக இருந்த ஆண்டுகளையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம்.

நான் உயிரோடிருக்கும்போதே என்ன செய்துவைக்கலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நான் மிகவும் நன்றியுடையவன். உங்கள் தொகுப்பு எங்கே இருக்கிறது, யாரிடம் போக வேண்டும், கணினியின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்பதை ஒரு தாளில் எழுதி, ரயில்களில் ஆர்வமே இல்லாத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். வீட்டைக் காலி செய்யப் போகிறவர் பெரும்பாலும் அவர்தான். குறிப்பேட்டில் நீங்கள் பயன்படுத்தும் சுருக்கெழுத்துகளுக்கு விளக்கம் எழுதிவையுங்கள். எங்களிடம் உள்ள ஒரு குறிப்பேட்டில் எண்களுக்குப் பக்கத்தில் சிறிய வட்டமும் முக்கோணமும் இருக்கின்றன. அவற்றின் பொருளைச் சொல்லக்கூடியவர் இப்போது இல்லை. படங்களில் உள்ள மனிதர்களின் பெயர்களையும் எழுதுங்கள். எஞ்சினின் எண்ணைப் படத்தைப் பார்த்தே படித்துக்கொள்ளலாம். அதன்மேல் சாய்ந்து நிற்பவரின் பெயரை அப்படிப் படிக்க முடியாது.

பழைய குறிப்பில் பிழை இருந்தால் திருத்துவீர்களா?

திருத்துவோம், திருத்திய தேதியையும் காரணத்தையும் ஓரத்தில் எழுதுவோம். அண்மையில் ஒரு மகள், தன் தந்தையைப் பற்றிய குறிப்பில் அவர் முதன்முதலில் ஓட்டுநர் அறைக்குள் ஏறிய எஞ்சினின் எண் தவறாக இருப்பதாக எழுதியிருந்தார். சான்றாக, தந்தை பன்னிரண்டு வயதில் பென்சிலால் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருந்தார். கடைசி இலக்கத்தை ஐந்து என்று எழுதியிருந்தேன், அது ஆறு. அன்றிரவே ஏட்டைத் திறந்து திருத்திவிட்டேன்.